ஜன்னல் பக்கம்

மூன்று கிரெடிட் குறைந்தது.
செவ்வாய் மாலை காலியாக இருந்தது.
களிமண் வகுப்பு நிரம்பிவிட்டதென்றது கணினி.
மிச்சமிருந்தது
திரைப்படப் பகுப்பாய்வு: ஓர் அறிமுகம்.
படம் பார்த்தால் மதிப்பெண்ணாம்.
நர்சிங் மூன்றாம் ஆண்டில்
இதைவிடச் சும்மா கிடைப்பது எது?

சாஸ்கட்டூனில் ஜனவரி.
மைனஸ் முப்பத்தொன்று.
அடித்தள அரங்கில்
கோட்டைக் கழற்றாத பதினெட்டுப் பேர்.
பெத் வோஸ்னியாக் விளக்கை அணைத்தார்.

நான்கு நிமிடம்.
ஒருத்தி கோப்பையைக் கழுவுகிறாள்,
கதவு தட்டப்படுகிறது,
விழுகிறாள்,
சாகிறாள்.

விளக்கு வந்தது. "எத்தனை ஷாட்?"
ஒன்பது என்றேன்.
முப்பத்தேழாம்.

முப்பத்தேழு தடவை
என் முகவாயைப் பிடித்துத் திருப்பியிருக்கிறார்கள்.
ஒரு தடவைகூட
விரல் பட்டது தெரியவில்லை.

மறுபடி போட்டார்.
சத்தத்தை நிறுத்திவிட்டுப் போட்டார்.
விவசாயப் பொருளாதாரம் படிக்கும் டெஸ்ஜார்லே
"சாவு சப்பென்று இருக்கிறதே" என்றான்.
ஆறாவது தடவை நான் கை தூக்கினேன்:
அவள் சாகவில்லை.
கழுத்தைப் பாருங்கள், தாடைக்குக் கீழே.
நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு.

எல்லோரும் திரைக்கருகே போய் நின்றோம்.
தூசி படிந்த துணியில்
துடித்துக்கொண்டிருந்தது.
"பதினோரு வருடமாகச் செத்தவள்
இன்றைக்குப் பிழைத்துவிட்டாள்"
என்று பெத் சிரித்ததில்
கண்ணாடி கழன்று விழுந்தது.

அதில் வந்த திமிரில்தான்
கட்டுரை எழுதினேன்.
கடைசி ஷாட்டில் கேமரா முகத்தை விட்டுவிட்டு
ஜன்னலுக்குப் போகிறது அல்லவா,
அது கோழைத்தனம்.
சாவைப் பார்க்கத் துணிச்சலில்லாதவன்
திரைச்சீலையைக் காட்டுகிறான்.
ஐந்து பக்கம்.
இரவு பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அனுப்பிவிட்டு
நிம்மதியாகத் தூங்கினேன்.

மார்ச்.
நான்காம் மாடி, பன்னிரண்டாம் படுக்கை,
திரு. ஹ்ரிட்சுக்.
ரயில்வேயில் பிரேக் சரிபார்த்தவர்.
மகள் யார்க்டனிலிருந்து கிளம்பிவிட்டாள்,
பனிப்புயலில் சாலையை மூடியிருந்தார்கள்.

மணிக்கட்டைப் பிடித்திருந்தேன்.
மூச்சு நிற்கும்.
இருபது நொடி. இருபத்தாறு.
பிறகு ஒன்று வரும்,
சாவியை மறந்துவிட்டு
பாதி வழியில் திரும்பி வருகிறவரைப் போல.

பின்னணி இசை இல்லை.
ஆக்சிஜன் தண்ணீரில் குமிழ் விட்டது.
நடைபாதையில் யாரோ
தட்டுகளை அடுக்கினார்கள், ஒன்று நழுவியது.
நான் எதற்கோ காத்திருந்தேன்.
எதற்கென்று பிறகுதான் புரிந்தது:
வெட்டுக்கு.
வெட்டு வரவில்லை.
இரண்டு நிமிடம் ஆக
முழுதாக இரண்டு நிமிடம் ஆனது.

பிறகு பார்த்தால்
ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
கீழே வாகன நிறுத்தத்தில்
பனி தள்ளும் வண்டி,
அதன் தலையில் சுழலும் மஞ்சள் விளக்கு,
சுவர், கார், சுவர், கார்.
எவ்வளவு நேரமாகப் பார்க்கிறேன்?
யாரும் என் முகவாயைத் தொடவில்லை.

திரும்பி
கழுத்தில் இரண்டு விரல் வைத்து
ஒரு முழு நிமிடம் எண்ணினேன்.
எண்ண ஒன்றுமில்லை.
லோரெய்னைக் கூப்பிட்டேன்.
நாலு பத்து என்று எழுதினார்.
நாலு பத்தா, நாலு எட்டா,
எனக்கும் அந்த வண்டிக்காரனுக்கும் தெரியாது.

ஆறரைக்கு மகள் வந்தாள்,
பூட்ஸில் பனியோடு.
"பக்கத்தில் யாராவது இருந்தார்களா?"
"நான் இருந்தேன்."
"அப்பாவின் கையை?"
"பிடித்திருந்தேன்."
அதற்குமேல் அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

அடுத்த செவ்வாய் கட்டுரை திரும்பி வந்தது.
பி ப்ளஸ்.
கோழைத்தனம் என்ற சொல்லுக்கு ஓரமாக
பென்சிலில் ஒரு கேள்விக்குறி.
வேறெதுவும் எழுதவில்லை.
வேண்டுமானால்
வெள்ளிக்குள் திருத்தித் தரலாமாம்.

அந்தச் சொல்லை அழித்தேன்.
அது இருந்த இடத்தில்
கர்சர் துடிக்கிறது.
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.